காதுப் பங்கு

நாய்களை அவிழ்த்து விட்டாயிற்று. இனிமேல் ராஜ்ஜியம் என்னுடையது. மேட்டுப் பாறையில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், வலது கையில் என் கிழட்டு நாய் செவலையின் கயிறு, இடது கை அவள் தலைமேல். கீழே கடலைக்காடு இருட்டில் கிடக்கிறது. பிடுங்குவதற்குத் தயாராக நிற்கிற கடலை, என் மருமகன் வீரணனுடையது. நேற்று ராத்திரி பன்றி வந்து ஒரு மூலையை உழுது போட்டுவிட்டுப் போயிருக்கிறது, ஏர் பூட்டினால்கூட அவ்வளவு ஆழம் போகாது. இன்றைக்கும் வரும். ருசி கண்டது வராமல் இருக்குமா? வந்தால் போவதற்கு இரண்டே வழிதான். கிழக்கே ஓடை, மேற்கே முள்வேலி உடைந்து கிடக்கிற சந்து. இரண்டும் கரட்டுக் குன்றில் போய் முட்டும். ஓடைக்குள் வீரணன் ஈட்டியோடு நிற்கிறான். வேலிச் சந்தில் கருத்தக்கண்ணு நிற்கிறான், என் வயசுக்காரன், என்னைவிட வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, ஆனால் ஈட்டி பிடிக்கிற கை இன்னும் நடுங்கவில்லை. பன்றி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஓடைக்குள் நிற்கிறவனுக்குக் கரை மறைக்கும், வேலியில் நிற்கிறவனுக்குக் கரட்டில் மோதித் திரும்பி வருகிற சத்தம் குழப்பும். விளக்கைப் போட்டால் பன்றி வந்த வழியே ஓடிப்போகும். மேட்டில் உட்கார்ந்து நாய்ச் சத்தம் கேட்கிறவனுக்குத்தான் எல்லாம் வெளிச்சம். அவனுக்குக் காதுக்காரன் என்று பேர். நான்தான் காதுக்காரன். மீசை கறுப்பாக இருந்த நாளிலிருந்து இந்தப் பாறை என் பாறை. "ஓடைக்கு" என்று நான் கத்தினால் வீரணன் மண்டி போட்டு ஈட்டியின் அடியைத் தரையில் ஊன்றிக்கொள்வான், கருத்தக்கண்ணு அவனுக்குத் துணையாக ஓடி வருவான். பெரிய பன்றியை ஓர் ஈட்டி தாங்காது, இரண்டு வேண்டும். "வேலிக்கு" என்றால் வீரணன் கரையேறி அந்தப் பக்கம் ஓடுவான். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காகத்தான் பன்றி விழுந்ததும் அதன் இரண்டு காதையும் அறுத்து முதலில் என் கையில் கொடுப்பார்கள். காதுக்காரனுக்குக் காதுப் பங்கு. ஈட்டி குத்தினவனுக்குத் தொடை, நாய்களுக்கு ஈரல், மற்றது ஊருக்கு. இந்த வரிசையை இதுவரை யாரும் மாற்றியதில்லை, மாற்றச் சொல்கிற தைரியமும் எவனுக்கும் இல்லை.

துரை ஒரு தடவை குரைக்கிறான். அது பன்றி இல்லை, முயலோ உடும்போ. துரை சின்னப் பையன், எதைப் பார்த்தாலும் வாயைத் திறப்பான். கூடப் போன கட்டையன் அனுபவஸ்தன், சும்மா இருக்கிறான். நாய் குரைக்கிறதில் எத்தனை விதம் இருக்கிறது என்று வெளியூர்க்காரன் யாராவது கேட்டால் நான் விடிய விடியச் சொல்லுவேன். வாடை பிடித்தால் விட்டு விட்டுக் குரைக்கும். பன்றியைக் கண்ணால் பார்த்துவிட்டால் மூச்சு வாங்க நேரமில்லாமல் ஒரே கோர்வையாக வரும். பன்றி திரும்பி நின்று முறைத்தால் அடித்தொண்டையிலிருந்து, வைத்த இடத்திலேயே வைத்து, வா பார்க்கலாம் என்கிற மாதிரி. இதெல்லாம் இன்றைக்கும் எனக்கு அத்துப்படி. ஒரே ஒரு விஷயம்தான் போய்விட்டது, அது எந்தப் பக்கம் கேட்கிறது என்கிற விஷயம். இடது காது செத்துவிட்டது. ஒற்றைக் காது வைத்திருக்கிறவனுக்குச் சத்தம் கேட்கும், சத்தத்துக்குத் திசை இருக்காது. காதுக்காரனுக்குத் திசை இல்லாவிட்டால் அவன் பாறைமேல் உட்கார்ந்திருக்கிற இன்னொரு பாறைதான். இது எனக்கும் செவலைக்கும் மட்டும் தெரிந்த சங்கதி, அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

வேட்டுதான் காரணம். போன சித்திரைத் திருவிழாவில் சாமி எழுந்தருளும்போது குழாயில் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தான் வேட்டுக்காரன். "தள்ளி நில்லுங்கய்யா" என்றான். நான் தள்ளி நிற்கிற ஆளா? "புலி உறுமினதயே பக்கத்துல நின்னு கேட்டவன்டா நான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாக்கியம் முடிவதற்குள் இடது பக்கத்தில் உலகம் வெடித்தது. புலி உறுமினதை நான் பக்கத்தில் நின்று கேட்டதும் இல்லை, அது வேறு கதை. அதற்கப்புறம் காதுக்குள் ஒரு வண்டு குடியிருந்தது. பூண்டு எண்ணெய் விட்டேன், தும்பைச் சாறு விட்டேன், டவுன் டாக்டரிடம் மகளுக்குத் தெரியாமல் போய் வந்தேன். வண்டு போயிற்று, கூடவே காதும் போயிற்று. மறுநாள் விடியற்காலையில் சேவல் கூவியது. எங்கே கூவுகிறது என்று எழுந்து பார்த்தேன். கூரையிலா, குப்பைமேட்டிலா, வேம்பிலா, ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாப் பக்கமும் கூவியது. ஒச்சம்மா பின்கட்டிலிருந்து கூப்பிட்டாள், நான் வாசலைப் பார்த்து "என்னடி" என்றேன். அவள் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அதற்கப்புறம் பாருங்கள், என் பெண்டாட்டிக்கு என்மேல் திடீரென்று பிரியம் பொங்கிவிட்டது. கூப்பிடுவதென்றால் முன்னால் வந்து நின்று கூப்பிடுகிறாள். சாப்பிடும்போது வலது பக்கமாக வந்து உட்காருகிறாள். இத்தனை வருஷத்தில் இல்லாத மரியாதை. வயசான பிறகாவது புருஷன் அருமை தெரிந்ததே என்று நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

செவலையின் காதடி விரலுக்கடியில் அசைகிறது. இதோ, இதுதான். பார்த்தால் மடிந்து தொங்குகிற காது, ஆனால் அடியில் ஒரு குருத்தெலும்பு உண்டு. சத்தம் வருகிற பக்கம் அந்தக் குருத்து முதலில் திரும்பும், அப்புறம்தான் தலை திரும்பும். இப்போது கிழக்குப் பக்கம் திரும்பி, திரும்பவும் தளர்கிறது. அப்படியென்றால் துரை ஓடைக்கரையில் மோப்பம் பிடிக்கிறான். வேட்டு வெடித்த பிறகு நடந்த முதல் வேட்டையில், இன்றோடு என் பேர் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் இந்தப் பாறையில் வந்து உட்கார்ந்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. நாய்கள் நாலு பக்கமும் குரைத்த மாதிரி இருந்தது. பயத்தில் கை தானாகச் செவலையின் தலைக்குப் போயிற்று. விரலுக்கடியில் அந்தக் குருத்து மேற்கே திரும்பியது. "வேலிக்கு" என்று கத்தினேன். வேலிக்குத்தான் வந்தது. அன்று ராத்திரி காதுப் பங்கைக் கையில் கொடுத்தபோது எனக்குக் கூசிப் போயிற்று. கேட்டவள் ஒருத்தி, தின்கிறவன் இன்னொருவனா? பல் ஆடுகிறது என்று சொல்லி இரண்டு காதையும் செவலைக்குப் போட்டுவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். என்ன, பொய் சொல்லலாம், பங்கைத் திருடக் கூடாது. செவலை கோம்பை நாய் வர்க்கம், வாலிபத்தில் பன்றியின் காதைக் கவ்வினாள் என்றால் பன்றி செத்தாலும் விடமாட்டாள். இப்போது பல் தேய்ந்துவிட்டது, அவிழ்த்து விடுவதில்லை. கிழவனுக்குத் துணைக்குக் கிழவி என்று கருத்தக்கண்ணு கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும். வீரணன் மட்டும் கிண்டல் பண்ணுவதில்லை. வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் "மாமா, செவலை வருதுல்ல?" என்றுதான் முதலில் கேட்பான். என்னை வருகிறீர்களா என்றுகூடக் கேட்பதில்லை. நான் வராமல் எங்கே போவேன் என்ற நம்பிக்கை. அக்கா மகன்தானே, சின்னதிலிருந்து என் முதுகில் ஏறி விளையாடினவன், என்மேல் பிரியம் இருக்கிற மாதிரி என் நாய்மேலும் பிரியம். சாயங்காலம் என் மகள் பஞ்சவர்ணம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள், என்னைச் சுற்றி வலது பக்கமாக வந்து நின்று "அப்பா, அவரப் பாத்துக்கப்பா" என்றாள். நான் இருக்கிறேனே தாயி, நான் இருக்கும்போது உனக்கு என்ன என்றேன். கம்பீரமாகத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, செவலையைப் பார்த்தாள், குனிந்து அவள் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

கட்டையன் வாயைத் திறந்துவிட்டான். இது முயல் இல்லை. விட்டு விட்டு வருகிறது, கனமாக, ஒவ்வொரு குரைப்புக்கும் நடுவில் யோசிக்கிற மாதிரி. துரை அவனோடு சேர்ந்துகொள்கிறான். செவலையின் குருத்து கடலைக்காட்டின் நடுவுக்குத் திரும்புகிறது. கோர்வை கோர்வையாகக் குரைப்பு. கண்ணில் பட்டுவிட்டது. கூட்டமாக இருந்தால் குட்டிகள் கிறீச்சிடும், சத்தம் சிதறும். சிதறவில்லை. ஒற்றைப் பன்றி. கோரைப்பல் வளர்ந்த கிழட்டு ஆண். கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிகிறவன், எவனுக்கும் பயப்படாதவன், கிட்டத்தட்ட என்னை மாதிரி. எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பயம் இல்லை, இது வேட்டைக்காரனுக்கு வருகிற வியர்வை. ஒற்றைப் பன்றி என்றதும் சின்னாண்டி ஞாபகம் ஏன் வர வேண்டும்? போ என்றால் போகவில்லை. அது எங்கள் கூட்டமில்லை, கீழூர்க் கூட்டம், நான் சும்மா கூடப் போயிருந்தேன். அவர்கள் காதுக்காரன் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். "அங்கிட்டுப் போகுது" என்று கத்திவிட்டான். சின்னாண்டி நம்பி ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பினான். பன்றி இங்கிட்டு வந்தது. தொடையில் மேலிருந்து கீழே ஒரே கீறல். தையல்காரன் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்று அவனே சொல்லுவான். அவசரத்துக்கு என் தலைப்பாகையை அவிழ்த்து நான்தான் கட்டினேன், துணி நனைந்துகொண்டே இருந்தது, இன்னும் துணி, இன்னும் துணி என்று கேட்டேன். பிழைத்துக்கொண்டான். டீக்கடை பெஞ்சில் அந்தக் காலை நீட்டியபடிதான் உட்காருவான், மடங்காது. கீழூர்க் காதுக்காரன் அதற்கப்புறம் ஊரிலேயே இல்லை, திருப்பூரா கோயமுத்தூரா, எங்கோ போய்விட்டான். அவன் குடிகாரன். நான் குடிப்பதில்லை. நான் வேறு. என் கையில் செவலை இருக்கிறாள். வீரணனின் தொடை நல்ல தடித்த தொடை, கபடி விளையாடின தொடை, அதை ஏன் இப்போது நினைக்கிறேன்? குழந்தை அந்தத் தொடைமேல்தான் படுத்துத் தூங்கும். நினைக்காதே. கையைக் காதில் வை. இப்போது மேற்குப் பக்கம் நகர்கிறது, கொஞ்சம் பொறு, அவசரப்பட்டுக் கத்தாதே, பன்றி சும்மா வட்டம் போடுகிறது, பொறு.

நின்றுவிட்டது. அடித்தொண்டைக் குரைப்பு. பன்றி திரும்பி நின்று நாய்களை எதிர்க்கிறது. செவலை எழுந்துவிட்டாள். உடம்பு முழுக்க ஒரு நடுக்கம், கயிறு இறுகுகிறது. "இருடி" என்கிறேன். இருக்க மாட்டேன் என்கிறாள். சட்டென்று கட்டையனின் குரல் உடைகிறது. கதவிடுக்கில் மாட்டின குழந்தை கத்துகிற மாதிரி ஒரு வீறல், அப்புறம் முனகல், அப்புறம் அதுவும் இல்லை. வெட்டு வாங்கிவிட்டான். துரை மட்டும் தனியாகக் குரைக்கிறான். அவன் செவலை பெற்றது, அவள் கடைசி ஈற்று, அவன் மட்டும்தான் பிழைத்தான். மார்கழிப் பனியில் என் போர்வைக்குள் போட்டு வளர்த்தேன். அவன் குரலில் வா பார்க்கலாம் என்கிற கெத்து போய்விட்டது, யாராவது வாருங்களேன் என்று கேட்கிறது. வீரணன் ஓடையை விட்டு வர முடியாது, கருத்தக்கண்ணு வேலியை விட்டு வர முடியாது, இடத்தை விட்டால் பன்றிக்கு வழி திறந்துவிடும். போகக் கூடியவள் ஒருத்திதான். என் கையில் இருக்கிறாள். அவளை விட்டால் எனக்குக் காது இல்லை. விடாவிட்டால் அவள் பிள்ளை அங்கே கிழிபடுவதை அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கயிறு உள்ளங்கையை அறுக்கிறது. அவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள், இருட்டில் தெரியவில்லை, ஆனால் மூச்சு என் முகத்தில் படுகிறது. அவள் போய்க் காதைப் பிடித்தால் பன்றி நின்ற இடத்திலேயே நிற்கும், அப்புறம் திசை எதற்கு, இரண்டு பேரையும் கூப்பிட்டுக் குத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆமாம், அதுதான் சரி. பல் தேய்ந்தால் என்ன, தாடை தேயவில்லையே. இப்படி நியாயம் பேசுவதற்குள் என் விரல்கள் முடிச்சை அவிழ்த்துவிட்டன. அவள் பாறையிலிருந்து குதித்ததுகூடக் கேட்கவில்லை. கை சும்மா இருந்தது. இவ்வளவு நேரம் தலை இருந்த இடத்தில் காற்று இருந்தது.

இப்போது கேட்கிறது, எல்லாம் கேட்கிறது. துரை குரைக்கிறான், செவலை ஒரே ஒரு தடவை குரைக்கிறாள், அவள் அதிகம் பேச மாட்டாள், பன்றி மூச்சைச் சீறி விடுகிறது, கடலைச் செடி நறநறவென்று மிதிபடுகிறது. பன்றி நிற்கவில்லை. கிளம்பிவிட்டது. நான் போட்ட கணக்கெல்லாம் தப்பு. எங்கே கிளம்பியது? தலையை இந்தப் பக்கம் திருப்புகிறேன், கொஞ்சம் பெரிசாகக் கேட்கிறது. அந்தப் பக்கம் திருப்புகிறேன், இன்னும் பெரிசாகக் கேட்கிறது. நின்ற இடத்தில் நிற்கிற சேவலுக்கே திண்டாடினவன், ஓடுகிற நாயை எங்கே பிடிப்பது? சத்தம் கரட்டிலிருந்து வருகிறது, வானத்திலிருந்து வருகிறது, என் மண்டைக்குள்ளிருந்தே வருகிறது. "எங்கிட்டு மாமா?" வீரணன் கத்துகிறான். அவன் குரலுக்கும் திசை இல்லை. ஓடையில் நிற்கிறான் என்று எனக்குத் தெரிவதால் ஓடையில் நிற்கிறான், அவ்வளவுதான். வேலிக்கு. வேலிக்குத்தான் போகும். முதலில் மேற்கே நகர்ந்ததே. ஒற்றைப் பன்றி போன வழியிலேயே போகும். அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே. வேலிக்கு என்று சொன்னால் வீரணன் ஈட்டியை எடுத்துக்கொண்டு கரையேறுவான், ஓடைக்கு முதுகைக் காட்டி. சரியாக இருந்தால் நான் ராஜா. தப்பாக இருந்தால். தையல்காரன் துணியைக் கிழிக்கிற சத்தம். இன்னும் துணி, இன்னும் துணி. பஞ்சவர்ணம் வலது பக்கமாக வந்து நின்று சொன்னாளே, அவரப் பாத்துக்கப்பா என்று. வார்த்தை தொண்டையில் வந்து நிற்கிறது, வே என்று வாய் திறந்தேவிட்டது. இத்தனை வருஷமும் நான் சொல்லி ஒருத்தன் முதுகிலும் பன்றி பாய்ந்ததில்லை. அந்தப் பேரைக் காப்பாற்ற இன்றைக்கு ஒரு காசைச் சுண்டிவிடவா? பூ விழுந்தால் நான் காதுக்காரன், தலை விழுந்தால் என் மகள் தாலி அறுப்பாளா? தூ.

"எனக்குத் தெரியலடா!" என்று கத்துகிறேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருக்கிறது. "எடது காது செத்துப் போச்சுடா! எங்கிட்டுப் போகுதுன்னு தெரியல! ரெண்டு பேரும் எடத்த விட்டு அசையாதீக! ஊனிக்கங்க! ஊனிக்கங்க!"

சொல்லிவிட்டேன். மலை இடிந்து விழவில்லை. ஓடைக்குள்ளிருந்து, அல்லது வானத்திலிருந்து, வீரணன் குரல் வருகிறது. "அது தெரியும் மாமா! செவலைய எதுக்கு அவுத்தீக?" இன்னொரு குரல், கருத்தக்கண்ணு, "நான் வேலியிலதான் நிக்கிறேன்! கத்தாம இரு, அது கேட்டுக்கிட்டு என்கிட்ட வந்துறாம!" தெரியுமா? என்ன தெரியும்? எப்படித் தெரியும்? கேட்க நேரமில்லை. எங்கோ கல் உருள்கிறது. ஓடையில்தான் கல் உண்டு, வேலிச் சந்தில் வெறும் மண். ஓடை. ஓடைக்குத்தான் போயிருக்கிறது. நான் பாறையிலிருந்து இறங்கி ஓடுகிறேன், முள்ளும் கள்ளியும் கணுக்காலைப் பிடிக்கிறது, செருப்பு ஒன்று போயிற்று. "ஓடைக்குடா! ஓடைக்கு!" என்று இப்போது கத்தி என்ன பிரயோசனம், ஆனாலும் கத்துகிறேன். ஒரு பெரிய முட்டல் சத்தம், வீரணனின் அடிவயிற்றிலிருந்து ஒரு முக்கல், மரம் முறிகிற மாதிரி ஒன்று, அது ஈட்டிக் கம்பாக இருக்கட்டும், எலும்பாக இருக்க வேண்டாம், கருப்பசாமி, எலும்பாக இருக்க வேண்டாம். அப்புறம் நான் வாலிபத்தில் கேட்ட ஒரு சத்தம். வாய் நிறைய எதையோ கவ்விக்கொண்டு மூக்கால் உறுமுகிற சத்தம். செவலை காதைப் பிடித்துவிட்டாள்.

கரையிலிருந்து மணலில் சறுக்கி விழுந்தேன். விழுந்த இடத்தில் ஈரம், பிசுபிசுவென்று. கருத்தக்கண்ணு பின்னாலேயே வந்து அஞ்சு கட்டை பேட்டரி விளக்கை அடித்தான். வீரணன் மணலில் உட்கார்ந்திருக்கிறான், கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, வேட்டியெல்லாம் ரத்தம். நான் வேட்டியை விலக்கித் தொடையைத் தடவினேன், இந்தத் தொடை, அந்தத் தொடை. "என்னோடது இல்ல மாமா, பன்னியோடது" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். ஈட்டி நெஞ்சுக்குள் போய்க் கம்பு நடுவில் முறிந்து நிற்கிறது. பன்றி பக்கவாட்டில் கிடக்கிறது, நான் நினைத்ததைவிடப் பெரிசு. அதன் இடது காது செவலையின் வாயில் இருக்கிறது. அது செத்தது அவளுக்கு இன்னும் தெரியவில்லை, தெரிந்தாலும் விடுவதாக இல்லை. கீழுதடு கிழிந்து ரத்தம் சொட்டுகிறது. துரை பக்கத்தில் நொண்டிக்கொண்டு நின்று அம்மாவை முகர்ந்து பார்க்கிறான். கட்டையனைக் கருத்தக்கண்ணு காட்டுக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். விலா கிழிந்திருக்கிறது, குடல் வெளியே வரவில்லை, தைத்தால் பிழைத்துக்கொள்வான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதேன். இரண்டு பேரும் மூன்று நாயும் பார்க்க அழுதேன், வெட்கமாக இல்லை.

"வேலிக்குன்னு சொல்ல வந்தேன்டா" என்றேன். "வாய் வரைக்கும் வந்துருச்சு."

வீரணன் சிரிப்பை நிறுத்திவிட்டான். கரையைத் திரும்பிப் பார்த்தான், அவன் ஏறியிருக்க வேண்டிய இடத்தை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"காதுப் பங்க அதுக்குப் போட ஆரம்பிச்சீகள்ல, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு மாமா. பல்லு ஆடுதுன்னீக. மறுநாளு எங்க வீட்டுல ஆட்டுக் காலு எலும்பக் கடிச்சு உறிஞ்சீக."

"ஒச்சம்மாவும் சொல்லிருச்சு" என்றான் கருத்தக்கண்ணு. "வலப்பக்கமா உக்காந்து பேசுங்க, எடப்பக்கம் சுவரு மாதிரின்னு. ஊருக்கே தெரியும். ஒனக்குத்தான் தெரியாது."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒச்சம்மாவின் பிரியம், வலது பக்கம், மரியாதை, எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். அப்புறம் அது பிரியம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது. "தெரிஞ்சும் எதுக்குடா என்னையப் பாறையில கொண்டு போய் உக்கார வச்சீக? நாயை மட்டும் கூட்டிட்டு வர வேண்டியதுதான?"

"கூட்டிட்டு வந்து?" என்றான் வீரணன். "ஒரு நாளு நீங்க இல்லாதப்ப நான் அது தலையில கைய வச்சுப் பாத்தேன் மாமா. எந்தச் சத்தத்துக்கு என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்னு. கடிக்க வந்துருச்சு. ஒங்க கைக்குத்தான் அது காது பேசுது, நாங்க என்ன பண்றது?"

செவலையின் தாடையில் கட்டைவிரலை விட்டு நெம்பினேன், நான் என்பதால் விட்டாள். பன்றியின் இடது காது நார் நாராகிவிட்டது. வீரணன் கத்தியை எடுத்து வலது காதை அடியோடு அறுத்து என் கையில் வைத்தான். எப்போதும் வைக்கிற மாதிரிதான், முதல் பங்கு, வரிசை மாறாமல். கருத்தக்கண்ணு சுள்ளி பொறுக்கி மணலில் நெருப்பு மூட்டினான், கட்டையனின் விலாவைத் தைக்க வெளிச்சம் வேண்டுமே. அந்த நெருப்பிலேயே காதை வாட்டினேன். ரோமம் பொசுங்கின வாசனை எவ்வளவு நாளாயிற்று. இரண்டாகக் கிழித்து ஒன்றைச் செவலைக்குப் போட்டேன், ஒன்றை என் வாயில் போட்டேன். குருத்து நறுக்கென்று கடிபட்டது. பல் நன்றாகத்தான் இருக்கிறது.

"அடுத்த தடவ கயித்த இடுப்புல கட்டிக்கங்க" என்றான் வீரணன், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "கையில வச்சிருந்தா அவுத்துவிட்ருவீக. எளகின மனசு ஒங்களுக்கு."

அடுத்த தடவை. சரி என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன். செவலை மென்றுகொண்டே என் இடது பக்கம் வந்து சாய்ந்து உட்கார்ந்தாள். கை தானாக அவள் தலைக்குப் போயிற்று. மெல்லுவதை நிறுத்தினாள். விரலுக்கடியில் குருத்து எழும்பித் தெற்கே திரும்பி, இரண்டு தடவை மெதுவாகத் துடித்தது. "வீட்டுப் பக்கமிருந்து ஆள் வருது" என்றேன். வீரணன் தையலை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். "ஒண்ணும் கேக்கலயே மாமா." கருத்தக்கண்ணுவும் உதட்டைப் பிதுக்கினான். "ரெண்டு பேரு" என்றேன். "பைய வாராக." கொஞ்ச நேரம் கழித்து மேட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே மேலே வந்தது. ஒச்சம்மா முன்னால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சவர்ணம் பின்னால்.